ஒருமையில் பேசியவள்

தந்தை பெயரின் முதலெழுத்து இல்லாத படிவத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. மயிலாப்பூரில் நான் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவமனையில் அதை யாரும் கொடுமை என்று சொன்னதுமில்லை.

கொரோனாவின் இரண்டாம் அலையில் ஆள் போதாமல், ஓய்வுபெற்றிருந்த என்னைத் திரும்ப அழைத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் நாற்பது படுக்கைகளில் முப்பத்து நான்கு கொரோனாவுக்குப் போய்விட்டன. மாரடைப்பு, பக்கவாதம், விபத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து எஞ்சியவை ஆறு. அவற்றை ஒதுக்கும் பொறுப்பு என்னுடையது. மூச்சுத்திணறலோடு வருபவர், பரிசோதனை முடிவு வரும்வரை வெளியே கொட்டகையில் காத்திருக்க வேண்டும். நெஞ்சுவலி என்றால் நேராக உள்ளே. விதி தெளிவானது.

அன்று முற்பகலில் நொச்சிக்குப்பத்து மீன்காரி தேவானை, தன் கணவர் மாசிலாமணியை ஆட்டோவில் கொண்டுவந்தாள். அவருடைய சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

“மார்ல கல்ல வெச்சா மாரி கீதுன்றாரு. மூச்சு வுட முடியலம்மா.”

எது முதலில் தொடங்கியது என்று கேட்டேன்.

“இன்னாம்மா நீ, ஆளே சாயுறாரு, மொதல்ல எதுன்னு கேட்டுகினு கீற?”

குப்பத்தில் பெற்ற தாயிடமும் அப்படித்தான் பேசுவார்கள், அதில் அவமதிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் நாற்பத்தோர் ஆண்டுப் பணியில் என்னிடம் எவரும் ஒருமையில் பேசியதில்லை. படிவத்தில் ‘மூச்சுத்திணறல்’ என்று மட்டும் எழுதினேன். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினேன்.

டாக்டர் ரெனிட்டா இ.சி.ஜி. தாளுடன் வந்தார். “ஹார்ட் அட்டாக், சிஸ்டர். ஆறாவது பெட் காலியாதானே இருக்கு?”

கிருமிநீக்கம் நடக்கிறது என்றேன். அது காலையிலேயே முடிந்திருந்தது. நான் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை, ஆகவே நம்பினார். வேறு மருத்துவமனைகளைத் தொலைபேசியில் மன்றாடினார். எங்கும் இடமில்லை.

இரண்டு மணிக்குத் தேவானை என் மேசைக்கு வந்தாள். யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

“தப்பா பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க மேடம். ஒரு பெட்டு குடுங்க.”

பன்மை சரியாகவே இருந்தது. பரிசோதனை முடிவு வரட்டும் என்றேன்.

மூன்று மணிக்கு மாசிலாமணி கொட்டகையில் இறந்தார். நான்கு மணிக்கு முடிவு வந்தது: கொரோனா இல்லை. ஆறாவது படுக்கையின் விரிப்பில் அதுவரை ஒரு சுருக்கமும் விழவில்லை.

விசாரணை அதிகாரி அவர்களே, நீங்கள் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் ‘படுக்கை மறுக்கப்பட்டது’ என்றிருக்கிறது. அப்படி எழுதினால் செய்தவர் மறைந்துவிடுகிறார். ‘படுக்கை காலியாக இருப்பது தெரிந்தே நான் மறுத்தேன்’ என்று திருத்துங்கள். பிழையுள்ள தாளில் நான் கையெழுத்திடுவதில்லை.