மொட்டைமேட்டில் மரம் நட வேண்டாம்

மேடையில் வீற்றிருக்கும் சுரங்க மேலாளர் அவர்களே, பசுமைப் பிரிவு நண்பர்களே, லாரி ஓட்டுநர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரின் துணைவியார் அவர்களே, அவர்கள் மகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மறைந்த நம் டாக்டரை மாமனிதர் என்றார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது நாம் அப்படியா அழைத்தோம்? ‘மொட்டைமேட்டு டாக்டர்’ என்றல்லவா அழைத்தோம்! அந்தப் பெயர் வந்த கதை தெரியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன்.

சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண்மேடுகளில் மறுபடி செடிகொடிகளைக் கொண்டுவருவது எங்கள் பிரிவின் வேலை. தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்ற அவர் அதன் தலைவர். நான் பல்கலைக்கழகத்திலிருந்து அவரோடு பணியாற்ற வந்தவள். மற்ற மேடுகளில் வேகமாக வளரும் வெளிநாட்டு மரங்களை நட்டோம். இரண்டே மழையில் ஆள் உயரம் தாண்டின. படம் எடுக்க அழகாக இருந்தன. அடியில் ஒரு புல் உண்டா? ஓர் எறும்புப் புற்று உண்டா?

டாக்டர் ஒரே ஒரு மேட்டைக் கேட்டு வாங்கினார். சுரங்கம் வெட்டுமுன் வழித்தெடுத்த மேல்மண்ணை அதன்மேல் பரப்பினார். அவ்வளவுதான். இந்த நிலத்தின் சொந்த விதைகள் அதற்குள் இருக்கின்றன, தாமே எழும் என்றார்.

அந்த மண்ணை உயரமாகக் குவித்தால் அடியிலுள்ள விதைகள் செத்துவிடும். அதனால் குவித்துக் கொட்ட வரும் லாரிக்குக் குறுக்கே போய் நிற்பார். “சார், குறுக்க நிக்கறதுக்கா உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?” என்று ஓர் ஓட்டுநர் கேட்டார். “ஆமாப்பா. நீ ஓட்டாம நிக்கறதுக்கும் சேர்த்துத் தர்றாங்க. இறங்கி வா, டீ குடிப்போம்” என்றார் டாக்டர். அந்த ஓட்டுநர் இங்கேதான் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். தம்பி, நீங்களாவது அவர் முகத்துக்கு நேராகக் கேட்டீர்கள். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம்.

பார்வையாளர்கள் வந்தால் அந்த மேட்டைச் சுற்றி வேறு பாதையில் அழைத்துப்போனோம். வருடங்கள் போயின; மேடு மொட்டையாகவே கிடந்தது, அதுவே அவருக்குப் பெயருமானது. போன மழைக்குப் பிறகு அங்கே புல் வந்தது; விரல் உயரத்தில் புதர்ச்செடிகள் வந்தன. “வந்து பாருங்களேன்” என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். எத்தனை பேர் போனோம்? நான் போனேன். நின்றபடியே பார்த்துவிட்டு வந்தேன். குனிந்து உட்கார்ந்தால்தான் தெரியும் என்று அவர் சொல்லியும் நான் உட்காரவில்லை.

இந்த வாரம் நினைவுக் குழு கூடியது. நாளை காலை அவர் நினைவாக ஆளுக்கொன்றாக முந்நூறு மரக்கன்றுகள் நடுவதென்று முடிவானது. எங்கே? அந்த மேட்டில்! “அந்த இடம் காலியாத்தானே கிடக்கு” என்று ஒருவர் சொன்னார். அந்த ஒருவர் நான்தான்.

சற்றுமுன் வாசலில் அவர் துணைவியார் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஏம்மா, அங்க என்னையே ஓரமாத்தான் நடக்கச் சொல்வார். நீங்க முந்நூறு பேரும் மம்பட்டியோட போறீங்களாமே?”

“ஆமாங்கம்மா” என்றேன். என் இருபது வருடப் படிப்பும் அந்த ‘ஆமாங்கம்மா’வோடு நின்றுபோனது.

மேலாளர் அவர்களே, கன்றுகள் வந்து இறங்கிவிட்டன என்பது தெரியும். அழைப்பிதழ் போய்விட்டது என்பதும் தெரியும். கன்றுகளை நாற்றுப்பண்ணைக்கே திருப்பி அனுப்புவோம். யாராவது காரணம் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். பத்து வருடம் ஒரு மனிதர் யாரையும் மிதிக்க விடாமல் காத்த இடத்தை, அவர் படத்துக்கு மாலை போட்ட கையோடு நாம் கொத்திப் போடுவதா? அதற்குப் பெயர் அஞ்சலியா?

இரங்கல் கூட்டத்தில், விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வார்கள். அவர் விட்டுச்சென்ற பணி இப்போதைக்கு ஒன்றே ஒன்றுதான். அந்த மேட்டைத் தொடாமல் இருப்பது. கேட்க எளிது, நமக்கு அதைவிடக் கடினமான வேலை கிடையாது.

எழுந்து நின்று சொல்வோம். டாக்டர் அவர்களே! நாளை காலை உங்கள் மேட்டுக்கு நாங்கள் வரமாட்டோம். அங்கே எதையும் நட மாட்டோம். அதில் இருப்பவை எழுந்து நிற்கும்வரை காத்திருப்போம்.

காலி இடம் என்று சொன்ன வாய் இது. அதனால் முதலில் நான் சொல்கிறேன்: வரமாட்டேன்.