ஆறிய அடுப்பைத் தொட்டறிந்தவருக்கு

பரிவும் பணியும் பிரியாத பண்பாளரே! முதியோர்க்கும் ஊனமுற்றோர்க்கும் முன்நின்ற முதல்வரே! இன்று பணி ஓய்வு பெறும் கள்ளக்குறிச்சி வட்டாட்சியர் அலுவலக வருவாய் ஆய்வாளர் உயர்திரு. தனசேகரன் அவர்களே! வணக்கம்.

நினைவு பிசகக்கூடியது. இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலைகள் மறிக்கப்பட்ட சென்ற செப்டம்பரில், தாங்கள் மலையேறியது முதல் நாளா அதற்கடுத்த நாளா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. ஏறியதில் ஐயமில்லை. ஆகவே தங்கள் நெடும்பணியில் அந்த ஒரு நாளையே சொல்கிறோம்.

கல்வராயன் மலையில் தனியே வாழ்ந்த மூதாட்டி சாலம்மாள். ஆதரிக்க ஆளில்லாதவருக்கே முதியோர் உதவித்தொகை என்பது விதி. முதல் விசாரணையில், யார் சோறு போடுவது என்று கேட்டதற்கு, "எம் மவன் இருசப்பன் ராணி மாதிரி வச்சிருக்கான்" என்றார். மனு தள்ளுபடியானது. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போன மகன் ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை. பெற்ற பிள்ளையை அதிகாரி முன் விட்டுக்கொடுக்க அவர் வாய் வரவில்லை. மறுவிசாரணையும் தவறினால் அவருக்கு வேறு வழியில்லை என்ற நிலையில்தான், போராட்டத்தில் வெட்டிய மரங்கள் சாலையில் சாய்ந்தன.

ஜீப் நின்றது, தாங்கள் சைக்கிளை எடுத்தீர்கள். உடன் வந்த தலையாரி கண்ணாயிரம் சொல்லித்தான் மற்றதை அறிவோம். கச்சிராயபாளையம் அருகே இளைஞர்கள் மறித்தார்கள்.

"இன்னா சார், எங்க போய்க்கினு இருக்கீங்க? இன்னிக்கு கவர்மெண்டுக்கு லீவு!"

"பசிக்கும் லீவு வுட்டுட்டீங்களா தம்பி?"

சிரித்துவிட்டார்கள். சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அப்பால் வைத்தவர்களும் அவர்களே.

குடிசையில் தாங்கள் எதையும் கேட்கவில்லை. அடுப்பில் கை வைத்துப் பார்த்தீர்கள். சாம்பல் சில்லிட்டிருந்தது. பிறகு அவர் பக்கம் திரும்பிச் சொன்னீர்களாம்.

"மவன் மேல குத்தம் எழுத வரலீங்கம்மா. அவன் வர்ற வரைக்கும் அரசாங்கம் பாத்துக்கும். வந்ததும் ஒரு வார்த்த சொல்லுங்க, நிறுத்திடறோம்."

"அப்பிடின்னா எழுதிக்குங்க சாமி. அவன் போயி ரொம்ப நாளாச்சு."

உதவித்தொகை கிடைத்தது. அன்றுமுதல் நம் பிரிவில் யாரும் அடுப்பைப் பாராமல் கேள்வி கேட்பதில்லை.

இந்தப் பொங்கலுக்கு இருசப்பன் திரும்பினான். சில நாளில் சாலம்மாள் அவன் தோளைப் பிடித்தபடி நம் அலுவலகப் படியேறினார். அவரது இன்னொரு கையைப் பிடித்தபடி, பக்கத்து வீட்டுக் கண்பார்வையற்ற செல்லியம்மாள்.

"எம் மவன் வந்துட்டான். என்னுத நிறுத்திட்டு இவளுக்குக் குடுங்க. கூடப்பொறந்த தம்பி பாத்துக்கறான்னு பொய் சொல்லுவா, நம்பாதீங்க!"

"வாய மூடுடி" என்றார் செல்லியம்மாள்.

ஒருவருக்கு நிறுத்தித்தான் மற்றவருக்குத் தரவேண்டும் என்பதில்லை, இது அவரவர் உரிமை என்று விளக்கிவிட்டு, செல்லியம்மாளுக்கு ஊனமுற்றோர் திட்டத்தில் தாங்களே மனு எழுதினீர்கள். தாங்கள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

ஐயா! தங்கள் இல்லத்து அடுப்பு என்றும் கனன்றிருக்க, உடல்நலமும் மனநிறைவும் உடனிருக்க, பல்லாண்டு வாழ்க!

சாலம்மாள் மகனோடு இருக்கிறார். செல்லியம்மாளுக்கு மாதந்தோறும் தொகை வருகிறது. சைக்கிளைத் தூக்கியவர்களில் ஒருவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கண்ணாயிரம் இந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். தாங்கள் நாளை நைனார்பாளையத்துக்கு, தங்கள் வயலுக்குப் போகிறீர்கள்.

தங்கள் அன்பை மறவாத
வட்டாட்சியர் அலுவலகப் பணியாளர்கள்
கள்ளக்குறிச்சி, 30.6.1988