சட்டையின் முன் நீளம்

— நீங்களே சொல்லுங்க, அறுபது வயசுல ஒரு ஆம்பளை வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டே போவானா?

— யாரைக் கேக்குற டைலரம்மா, என்னையா, இந்தச் செவுத்தையா?

— உங்களைத்தான். இந்த அளவு நோட்டைப் பாருங்க. ஆறு வருஷம் முன்னாடி உங்க சட்டை முன் நீளம் முப்பது. அப்புறம் இருபத்தொன்பதரை. போன வருஷம் இருபத்தெட்டரை. இன்னிக்கு இருபத்தெட்டுகூட இல்ல.

— டேப்பு நீண்டுபோயிருக்கும். நம்ம கல்யாணத்தப்ப வாங்கினது.

— டேப்பு நீண்டிருந்தா பேண்ட் அளவும் குறையணும்ல? கால் அன்னிக்கும் நாப்பது, இன்னிக்கும் நாப்பது. முதுகுதான் குறையுது.

— அடடா, கண்டுபிடிச்சுட்டா! சரி, சட்டையைக் குடு. காலையில ஏழு மணிக்கு மருந்துக்கடை போர்டு. ரெண்டாவது மாடி உசரம். பெயிண்ட் கூட கலந்து வச்சாச்சு.

— நாளைக்கு ஏணி ஏறக்கூடாது. எட்டரைக்கு எலும்பு டெஸ்ட்டுக்குப் பேர் குடுத்திருக்கேன்.

— உனக்குத்தான் போன மாசமே எடுத்தாச்சே?

— எனக்கில்ல. உங்களுக்கு.

— எனக்கா? தாயே, அன்னிக்கு உனக்குத் துணைக்கு வந்து வாசல்ல உக்காந்திருந்தேனே. இருபது பேர், இருபதும் பொம்பளைங்க. செவுத்துல மாட்டின படம்கூட பொம்பளை படம்தான். நான் உள்ள போய்ப் படுத்தேன்னு நம்ம பயலுக காதுல விழுந்தா, அதையே போர்டா எழுதி மாட்டிருவானுங்க.

— நானும் இதையேதான் சிஸ்டர்கிட்ட சொன்னேன். உலகம் பூரா பொம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தியாம். மாதவிலக்கு நின்னதும் எலும்பு வேகமா கரையுமாம். அம்பது தாண்டினா மூணு பேர்ல ஒருத்திக்கு எங்கயாவது உடையுமாம்.

— பாத்தியா!

— முழுசா கேளுங்க. ஆம்பளைங்கள்ல அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு. இடுப்பு உடைஞ்சா, பொம்பளைங்களைவிட ஆம்பளைங்கதான் அதிகமா செத்துப்போறாங்களாம். அதை யாரும் பாக்குறதே இல்லையாம். அப்புறம், உங்க மூச்சு இழுப்புக்கு அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை எத்தனை வருஷமா முழுங்குறாருன்னு கேட்டாங்க. பதினொண்ணுன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டாங்க.

— அந்த மாத்திரை இல்லேன்னா பெயிண்ட் வாசனையிலயே எப்பவோ போயிருப்பேன்.

— அதுதான் எலும்பைத் தின்னுதாம்.

— என் எலும்புக்கு ஒண்ணும் வராது. நேத்து அந்த மருந்துக்கடைக்காரரே சொன்னாரு, இந்த வயசுலயும் கம்பு மாதிரி நிக்கிறீங்கன்னு.

— அது நான் தைச்ச சட்டை.

— என்ன?

— முன்னால தொங்குச்சு, குறைச்சேன். பின்னால ஏறுச்சு, தோள்ல துணி விட்டு இறக்கினேன். நீங்க சங்கடப்படக் கூடாதேன்னு கூன் தெரியாம வெட்டி வெட்டி, கடைசியில என் கண்ணுக்கே தெரியாமப் போச்சு. இன்னிக்கு நோட்டைப் பெரட்டினப்பதான் புரிஞ்சுது, அப்படியே சிஸ்டர்கிட்ட ஓடினேன்.

— விளையாடாத.

— சட்டையைக் கழட்டுங்க. செவுத்துல முதுகை வச்சு நில்லுங்க. குதிகால் ஒட்டணும். தலையை ஒட்டுங்க.

— ஒட்டிட்டேன்.

— ஒட்டல.

— ஒட்டிட்டேன்னு சொல்றேன்ல!

— தலைக்கும் செவுத்துக்கும் நடுவுல என் கை போகுது. விரல் இல்ல, முழுக் கை. தாடையைத் தூக்காதீங்க, அது ஏமாத்து.

— கையை எடு.

— எடுக்க மாட்டேன்.

— எடுடீ… வலிக்குது.

— எத்தனை நாளா?

— மழைக்கு முன்னாடிலேர்ந்து. தும்மினா கண்ணுல பொறி பறக்குது.

— அப்பவே சொல்றதுக்கென்ன?

— சொன்னா ஏணியைப் பிடுங்கிருவ. எனக்கு வேற என்ன தெரியும்? உன் பக்கத்துல உக்காந்து பட்டன் தைக்கவா?

— தைங்களேன். காஜா எடுக்கவும் ஆள் இல்லாமதான் கெடக்கேன்.

— சிரிக்காத.

— நான் எங்க சிரிச்சேன்? மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க.

— … ஏய். அழாத. சரி, வரேன். டெஸ்ட் முடிச்சுட்டு நேரா போர்டுக்குப் போயிருவேன், சொல்லிட்டேன்.

— டெஸ்ட்ல என்ன வருதுன்னு பாத்துட்டுப் போங்க. ஏணிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியாச்சு. சாவி என் இடுப்புல.

— ராட்சசி.

*

— எட்டரை டெஸ்ட்டுக்குப் பேர் குடுத்தது நீங்கதானேம்மா? இவரை ஏன் ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வந்திருக்காங்க?

— முதுகு, சிஸ்டர். அசைய முடியல.

— கையையும் தூக்க மாட்டேங்கறாரு. சட்டையை வெட்டித்தான் எடுக்கணும்.

— கத்தரியை என்கிட்ட குடுங்க. நான் தைச்சது. தையல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.

— டாக்டர் கேப்பாரு, எழுதணும். போர்டு பெயிண்டர்னு இருக்கு. ஏணியில எத்தனை அடியிலேர்ந்து விழுந்தாரு?

— விழல சிஸ்டர். ஏணி பூட்டியேதான் இருக்கு. இங்க வர்றதுக்குச் செருப்பு மாட்டக் குனிஞ்சாரு.