ஐம்புலன் பாடம்

காலையில் பல் தேய்த்ததை நினைத்துப் பாருங்கள், வக்கீலம்மா. "பல் தேய்த்தேன்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் ஆகாது. "குழாய்த் தண்ணீர் ஈறில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன்" என்று எழுதுங்கள், அவருக்கும் பல் கூசும். வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஞாயிறுதோறும் நான் நடத்தும் கதை வகுப்பில் இதுதான் முதல் பாடம். பார்த்தது, கேட்டது, முகர்ந்தது, தொட்டது, சுவைத்தது. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் போதும். படிப்பவர் சந்தேகப்படுவதை நிறுத்திவிடுவார்.

முத்துராணி அந்த வகுப்புக்கு வந்தவள். கீழே கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தாள். அவளுடைய அண்ணன் இசக்கியப்பன் போன வருடத்துக்கு முந்தின ஐப்பசியில் தாமிரபரணிக்குக் குளிக்கப் போய் இறந்துபோனான். பக்கத்து வயல்காரன் மகாராஜன்தான் தண்ணீரில் அமுக்கிக் கொன்றான் என்று அவள் உறுதியாக நம்பினாள். வாய்க்கால் தண்ணீர் முறைக்காக இருவரும் அதற்கு முந்தின வாரம்தான் கைகலந்திருந்தார்கள். போலீசிடம் "நான் பார்த்தேன்" என்று சொன்னாள். உண்மையில் அவள் பார்க்கவில்லை. அவள் போனபோது உடல் நாணலில் சிக்கிக் கிடந்தது.

"எப்படிம்மா அமுக்குனான்னு கேக்காவ சார். எனக்குச் சொல்லத் தெரியல. சிரிக்காவ."

அவளுக்குத் தேவைப்பட்டது என் நோட்டில் சும்மா கிடந்தது. வகுப்புத் தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துறையில் மஞ்சள் சோப்பின் வாசனை. தலை ஒவ்வொரு முறை மேலே வரும்போதும், குடம் நிரம்பி முடியும் நேரத்தில் வருமே, அந்த ஓசை. எவர்சில்வர் செம்பு உருண்டு மூன்று படி இறங்கி நாலாவதில் நின்றது. இந்தச் செம்பைக் கவனியுங்கள். அது எதற்கும் உதவாத விவரம். அதனால்தான் அதற்கு அவ்வளவு பலம். கொலையைப் பற்றி ஒருவர் பொய் சொல்லலாம், செம்பு எந்தப் படியில் நின்றது என்பதில் போய் யார் பொய் சொல்வார்கள் என்று கேட்பவர் நினைக்கிறார்.

நாலு ஞாயிறு ஆயிற்று. கடைசி ஞாயிறு சொல்லும்போதே அவள் அழுதாள்.

"இப்ப எனக்கே நெசமாக் கேக்குது சார்."

இந்த முறையின் அழகு அது. முதலில் கேட்பவரிடம் வேலை செய்யும், பிறகு சொல்பவரிடமும்.

வழக்கு நடக்கத் தொடங்கும் முன்பு மகாராஜனின் மனைவி சுடலைவடிவும் வந்தாள். சாட்சி சொல்ல நான் பழக்குவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு விடியக்காலம் அவிய வீட்டுலதான் இருந்தாவ. சாப்புட்டுட்டுத்தான் வெளிய போனாவ."

"என்ன சாப்பிட்டாரு?"

"இட்லியா பழையதான்னு ஞாவகம் இல்லியே."

"டிவி ஏதும் ஓடுச்சா? யாரும் வந்தாவளா?"

"தெனமும் போலத்தான் இருந்துச்சு. இப்படி வந்து நிக்கப்போறோம்னு தெரிஞ்சிருந்தா, தொட்டுக்கிட்ட சட்னியக்கூடக் குறிச்சுல்லா வச்சிருப்பேன்."

அவள் சொன்னது உண்மை. உண்மைக்கு இருக்கும் குறையே அதுதான். ஒன்றும் நடக்காத காலையை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அவளுக்கும் ஒரு சட்னியைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரே வழக்கில் நன்றாகச் சொல்லப்பட்ட கதை இரண்டு இருந்தால் நீதிபதி எதை நம்புவார்? "உள்ளபடி சொல்லும்மா" என்று அனுப்பிவைத்தேன். உள்ளபடியே சொன்னாள். மகாராஜனுக்கு ஆயுள் தண்டனை விழுந்தது.

மேல்முறையீட்டுக்காக நீங்கள் முத்துராணியின் சாட்சியத்தையும் என் வகுப்புத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். வரிசைகூட மாறவில்லை என்கிறீர்கள். சுவையை விட்டுவிடு என்று சொல்லியிருந்தேன். கேட்காமல், வாயில் இரும்புத் துருபோல் இருந்தது என்று கூண்டில் நின்று சொல்லியிருக்கிறாள். கெட்டிக்காரி, ஆனால் அடக்கி எழுத வராது.

உங்கள் அடுத்த கேள்வி இன்னும் நல்ல கேள்வி. செம்பு நாலாவது படியில் கிடந்ததாகப் போலீஸ் எழுதிய குறிப்பிலும் இருக்கிறது. அவள் போகும்முன்பே அதை எடுத்து வைத்துவிட்டார்கள். அப்படியானால் எனக்கு எப்படித் தெரியும்?

நான் அங்கே இருந்தேன். விடியற்காலையில் நோட்டோடு படித்துறை மண்டபத்தில் உட்காருவது என் பழக்கம். இசக்கியப்பன் பாசியில் வழுக்கினான். படி விளிம்பில் பின்தலை அடித்து ஆழத்துக்குப் போனான். மகாராஜன் அங்கே இல்லை. யாருமே இல்லை. மூன்று முறை மேலே வந்தான். எனக்கும் அவனுக்கும் பத்தடி இருக்கும். நான் இந்த ஆற்றில் நீந்தி வளர்ந்தவன். ஆனால் அந்த ஓசையை அதற்குமுன் நான் கேட்டதில்லை. இதை எழுதியவர்கள் எல்லோரும் தப்பாகவே எழுதியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. உட்கார்ந்து கேட்டேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது தண்ணீர் அசையாமல் இருந்தது.

ஆகவே, அவள் சொன்னதில் மகாராஜனின் இரண்டு கைகள் மட்டும்தான் பொய். மற்ற எல்லாவற்றையும் நான் ஒரு சொல்கூடக் கெடாமல் காப்பாற்றியிருக்கிறேன்.