பள்ளத்தெரு சொன்ன ஒற்றைச் சொல்

தோளில் நனைந்த துண்டு காயுமுன்னே மேடையேறித் தலைமை தாங்கும் பஞ்சாயத்துத் தலைவர் சபாபதி அவர்களே! மண்மூட்டை சுமந்து முதுகு சிவந்த பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பொறுப்பை நெஞ்சிலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! மறைமலை நகர் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடிவந்த தம்பிமார்களே! மேட்டுத்தெருவே, கோயில்தெருவே, கிணற்றுத்தெருவே, இன்று இந்த விழாவுக்கே நாயகியாக நிற்கும் பள்ளத்தெருவே! சேரப்பணஞ்சேரி மாதர் சங்கத்தின் சார்பில் உங்கள் அத்தனை பேருக்கும் என் கைகூப்பிய வணக்கம்.

யாரது பின்வரிசையில் சிரிப்பது? "வணக்கம் சொல்லியே பொழுது பூடும் போல கீதே" என்கிறாயா கோதண்டம்? சிரியப்பா, நன்றாகச் சிரி. அந்த நீண்ட வணக்கத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதில் உன் பங்கும் வரும். எழுந்து ஓடிவிடாதே!

ஐந்தாம் வகுப்போடு பலகையைக் கீழே வைத்தவள் நான். வயர்லெஸ் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதன் வழியாக வந்த குரல்களைத் தெரியும். அது போதும்.

ஏரியைக் காவல் காக்க நிவாரணக் குழுவினர் நமக்கு வயர்லெஸ் கொடுத்தார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் ஒரு பெரிய செட். தெருவுக்கு ஒரு கைச்செட். மாடியில் உட்கார்ந்து பேசுபவள் காஞ்சனா. வயர்லெஸ் தொழில் படித்தவள். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, என் பேத்தி என்பதற்காகவும்தான் சொல்கிறேன்!

மாடியிலிருந்து வரும் குரலுக்கு ஜிஎஸ்டி ரோடு மாதிரி அகலமான பாதை. ஒரு முறை பேசினால் நாலு தெருவும் கேட்கும். நாம் திருப்பிப் பதில் சொல்லவோ, எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு வரப்பு. அதில் ஒருவர்தான் நடக்கலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் மாடியில் என்ன கேட்கும்? 'கர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். பெரும்பாலும் வேறொன்றும் கேட்காது.

முதல் மழை வந்தது. "மதகு திறக்கப் போறாங்க, மாட்டை மேட்டுல கட்டுங்க" என்றாள் காஞ்சனா. சேதி கிடைத்ததா என்று நாம் பதில் சொல்ல வேண்டும். எப்படிச் சொன்னோம்? நாலு தெருவும் ஒன்றாக அழுத்தினோம். இரைச்சல். அதையும் மீறி ஒரு குரல் வென்றது. "மேட்டுத்தெரு சின்னப்பையன் மவன் கோதண்டம் பேசறேங்க. தலைவர் ஐயாவுக்கு வணக்கமுங்க, ஆபீஸ்ல கீற பெரியவங்களுக்கெல்லாம் வணக்கமுங்க, சேதி நல்லா கேட்டுச்சுங்க, அங்க மழை எப்டிங்க?"

சிரிக்காதீர்கள். நம்மில் யார் அப்படிப் பேசாதவர்? பெரியவரைக் கண்டால் வணங்காமல் வாய் திறக்காத ஊர் இது. ஆனால் அந்த நேரம் பள்ளத்தெருவில் கங்கம்மாளின் செட்டில் சேதி பாதிதான் விழுந்திருந்தது. "இன்னா சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க" என்று அவள் அழுத்துகிறாள், அழுத்துகிறாள். வரப்பு முழுக்க நம் வணக்கம் நிற்கிறது. அவள் கேள்விக்குக் கால் வைக்க இடமில்லை. மதகு திறந்தது. அவள் கன்றுக்குட்டியைத் தண்ணீர் கொண்டுபோனது.

மறுநாள் காஞ்சனா எல்லாரையும் கூட்டினாள். "இனிமே சேதிக்கு நம்பர் போட்டுச் சொல்றேன். நான் தெருப் பேரைக் கூப்பிடுற வரைக்கும் யாரும் பொத்தானைத் தொடக் கூடாது. கூப்பிட்டா, எது வரைக்கும் விடாம கிடைச்சுதோ அந்த நம்பரை மட்டும் சொல்லணும். மூணுன்னா மூணும் வந்துச்சுன்னு அர்த்தம். கூப்பிட்டும் பதில் இல்லேன்னா ஆளை அனுப்புவேன்."

கங்கம்மாள் எழுந்தாளே பார்க்கணும்! "இன்னாம்மே இது? தலைவர் ஐயா உக்காந்துகினு இருப்பாரு, நான் வெறும் நம்பரை வீசிட்டுப் போறதா? எங்க வூட்ல அப்டியா வளர்த்தாங்க?"

"அத்தே, நீ வணக்கம் சொல்ற நேரத்துல இன்னொருத்தி கத்திகினு இருப்பா. அன்னிக்கு நீதானே கத்துன?"

கங்கம்மாள் உட்கார்ந்தாள். முகத்தில் இருந்த கோபம் மட்டும் இறங்கவில்லை.

பிறகு வந்தது அந்தக் கார்த்திகைப் பெருமழை. காஞ்சனாவுக்குக் காபி கொண்டுபோன நான் மாடியிலேயே நின்றுவிட்டேன். முதல் சேதி, மழை வலுக்கிறது. இரண்டாம் சேதி, ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிகிறது. மூன்றாம் சேதியைச் சொல்லும்போது இடி இடித்தது. "கரை கசியுது. பள்ளத்தெரு முழுக்க உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்க!"

காஞ்சனா தெருவைக் கூப்பிட்டாள்.

"மேட்டுத்தெரு?"

"மூணு." கோதண்டம்தான்! வணக்கத்தை விழுங்கிக்கொண்டு பேசினான்.

"கோயில்தெரு?" "மூணு."

"கிணத்துத்தெரு?" "மூணு."

"பள்ளத்தெரு?"

"ரெண்டு."

தாய்மார்களே, ஒரே சொல்! 'ரெண்டு'! அந்தச் சொல்லில் எல்லாம் இருந்தது. கங்கம்மாள் உயிரோடு இருக்கிறாள், செட் உயிரோடு இருக்கிறது, உயிர் காக்கும் சேதி மட்டும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. குறுக்கே ஒரு குரல் வந்ததா? வரவில்லை. ஒரு வணக்கம் வழி மறித்ததா? மறிக்கவில்லை. காஞ்சனா மூன்றாம் சேதியை மட்டும் மறுபடி சொன்னாள். "பள்ளத்தெரு?"

"மூணு."

பிள்ளைகள் முதலில், பெரியவர்கள் பின்னால், ஆடு மாடெல்லாம் அதற்கும் பின்னால். பள்ளத்தெரு பள்ளிக்கூடம் ஏறியது. பிறகு கரை உடைந்தது. வெள்ளம் வந்தது, வீடு வீடாகத் தேடியது. அதற்கு ஆள் ஒருவர்கூட அகப்படவில்லை!

கைதட்டுங்கள். நன்றாகத் தட்டுங்கள். எனக்கல்ல, அதோ முந்தானையில் முகம் மறைக்கிறாளே கங்கம்மாள், அவளுக்கு!

தண்ணீர் வடிந்ததும் கங்கம்மாள் மாடிப்படி ஏறி வந்தாள். தலைவரைப் பார்த்தாள். "ஐயா, அன்னிக்குச் சொல்லாம வெச்சிருந்த வணக்கமுங்க" என்று ஆரம்பித்தவள், அவர் பெண்டு பிள்ளைகளையெல்லாம் விசாரித்து முடிப்பதற்குள் என் காபி ஆறிப்போயிற்று. தலைவரே, ஒப்புக்கொள்ளுங்கள், நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்!

மரியாதை எங்கே இருக்கிறது? நீட்டிப் பேசும் நாக்கிலா? நமக்குப் பின்னால் நிற்கும் நனைந்தவளுக்கு வழி விடுவதில் இருக்கிறது. நலமாய் இருப்பவர் நறுக்கென்று சொல்லி நகர்ந்தால்தான், நலிந்தவர் குரல் நாலு பேரை எட்டும். வணக்கத்துக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கிறது. வெள்ளத்துக்கு முன்னால் வரப்பு ஒன்றுதான்!

முடித்துக்கொள்கிறேன். மூன்றே சேதி. ஒன்று, செட் கொடுத்தவர்களுக்கும் தோள் கொடுத்தவர்களுக்கும் மாதர் சங்கத்தின் நன்றி. இரண்டு, உடைந்த கரைக்கு நாளை காலை வீட்டுக்கு ஒருவர் மண் சுமக்க வரவேண்டும். மூன்று, பந்தலின் பின்னால் சர்க்கரைப் பொங்கல் சூடாக இருக்கிறது.

கேட்டதா? ஐயோ, எல்லாரும் ஒன்றாகக் கத்தாதீர்கள்! இவ்வளவு நேரம் என்ன சொன்னேன்? கூப்பிடுகிறேன், பொறுங்கள்.

பள்ளத்தெரு?

மூணா? மகராசியாய் இரு கங்கம்மா. உனக்கும் இந்த அவைக்கும் என் வணக்கம்.