ஒரு மூடி உரம்

— “மண்ணைக்கூடவா அங்க கடையில வாங்குவீங்க?” பதினாலு வருஷத்துக்கு முந்தி என் ‘நாலாம் மாடித் தோட்டம்’ வலைப்பூவுல முதல் பதிவுக்குக் கீழ வந்த முதல் கேள்வி அதான், தம்பி. யாரு என்னன்னு பேரு போடல. கேட்டது நீங்களா?

— இல்லக்கா. நான் சிங்கப்பூருக்கு, இந்தத் துவாஸ் கப்பல் பட்டறைக்கு வந்தே ஒம்போது வருஷம்தான் ஆவுது. ஆனா நானும் அதையேதான் கேட்டிருப்பேன்னு வைங்க. வந்த புதுசுல ஜாலான் புசார்ல ஒரு கடை வாசல்ல மண்ணைப் பையில அடைச்சு அடுக்கி வச்சிருந்தாங்க. நான் ரவூப்புகிட்ட, “என்னடா, சிமெண்டா?”ன்னு கேட்டேன். ரவூப்பு என் ரூம் கூட்டாளி. இன்னிக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

— கொஞ்சம் மெதுவா பேசுங்க தம்பி. பக்கத்து வீட்டு சைனீஸ் ஆண்ட்டி தூங்குற நேரம் லா.

— மன்னிச்சுக்குங்கக்கா. கப்பலுக்குள்ள கிரைண்டர் சத்தத்துல கத்திக் கத்தியே குரல் இப்படி ஆயிருச்சு. ஊருக்குப் பேசினா என் சம்சாரம் போனை ஒரு முழம் தள்ளி வச்சுக்கிட்டுத்தான் கேக்கும்.

— கோப்பி எடுத்துக்குங்க. சீனி பத்தலைன்னா சொல்லுங்க. அவருக்குப் போட்டுப் போட்டு கை சிக்கனமா பழகிருச்சு.

— நல்லாருக்குக்கா. அக்கான்னே எழுதிப் பழகிட்டேன். நேர்ல பாத்தா அம்மான்னு கூப்பிடணுமோன்னு இருக்கு.

— அக்காவே இருக்கட்டும். அறுபத்திரெண்டு வயசுல யாரு என்னை அக்கான்னு கூப்பிடப் போறா.

— அண்ணன் இல்லீங்களா?

— கீழ வாய்ட் டெக்ல, பெஞ்சு போட்ட திறந்த தரைத்தளத்துல இருப்பார். ஞாயித்துக்கெழமைன்னா நாலு பேரு சேந்து பழைய ஃபுட்பால் ஆட்டத்தையெல்லாம் திரும்ப ஆடுவாங்க, வாயாலயே. வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆவும்.

— அப்ப சுத்தி வளைக்காம கேட்டுடுறேன்க்கா. “வர்ற வெள்ளிக்கிழமையோட நாலாம் மாடித் தோட்டத்தை எடுத்துடுறேன், இத்தனை நாள் படிச்சதுக்கு நன்றி”ன்னு ரெண்டே வரி போட்டிருந்தீங்க. எழுதறதை நிறுத்துங்க, வேணாங்கல. கை வலிக்கும், கண்ணு வலிக்கும். ஆனா எழுதினதை எதுக்கு அழிக்கணும்? அதைக் கேக்கத்தான் ரெண்டு ரயில் மாறி வந்தேன்.

— இதுக்குப் போயி ஒரு லீவு நாளைக் கெடுத்துக்கிட்டீங்களே.

— எங்க ரூமே அனுப்பி வச்சிருக்குக்கா. பன்னெண்டு பேரு. நீங்க புதுசு போட்டா நான் சத்தமா படிப்பேன், எல்லாரும் கட்டில்ல படுத்துக்கிட்டே கேப்பாங்க. ஒருத்தன் சாக்ஸ் துவைச்சுக்கிட்டிருப்பான், ஒருத்தன் ஊருக்குப் பேசிக்கிட்டிருப்பான். “தொட்டிக்காரக்கா எழுதியிருக்கு”ன்னா போனை வச்சிடுவான்.

— தொட்டிக்காரக்காவா? அப்படி ஒரு பேரா எனக்கு?

— சத்தியமாக்கா. உங்களைப் பாத்துத்தான் எண்ணெய் டின்ல ஓட்டை போட்டு மொளகா வச்சேன். தங்குமிடத்து சூப்பர்வைசர் வந்து, எடுடா இதைன்னாரு. நீங்க சொல்லியிருந்தீங்கல்ல, தடுக்கிறவங்களுக்கு முதல் காயைக் குடுத்துடணும்னு. அப்படியே செஞ்சேன். இப்ப அவரே வந்து, “சின்னராசு, தண்ணி ஊத்தினியா?”ன்னு கேக்கறாரு.

— அதெல்லாம் நீங்க செஞ்சது. நான் வெறும் வாய்தான்.

— அப்படிச் சொல்லாதீங்க. தோட்டத்தைப் பத்தி எழுதறவங்க ஆயிரம் பேரு இருக்காங்க. இதைப் போடு, அதை வெட்டு, அவ்வளவுதான். நீங்க மட்டும்தான் “இன்னிக்குக் கத்தரி என்மேல கோவமா இருக்கு”ன்னு ஆரம்பிப்பீங்க. அது ஏன் கோச்சுக்கிச்சுன்னு ஒரு பக்கம் தேடுவீங்க. கடைசியில தப்பு உங்க மேலதான் இருக்கும். டவுன் கவுன்சில்லேர்ந்து காரிடார்ல தொட்டி ரொம்ப இருக்குன்னு கடுதாசி வந்துச்சுல்ல? வேற யாராச்சும்னா, எவன் போட்டுக் குடுத்தான்னு எழுதியிருப்பாங்க. நீங்க டேப்பு வச்சு அளந்து, “நடக்கிற வழியில ஒரு சாண் நான்தான் முழுங்கியிருக்கேன்”னு எழுதினீங்க. அந்த நேர்மைக்குத்தான்க்கா நாங்க அடிமை.

— அந்த நேர்மையெல்லாம் வெளியில உள்ளவங்களுக்கு மட்டும்தான், தம்பி.

— புரியலக்கா.

— இந்தச் செடி எல்லாம் அவரோடது. வாங்கறது, நடறது, வெட்டறது எல்லாம் அவர்தான். நான் பக்கத்துல நின்னு பாத்து எழுதுவேன். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பள்ளிக்கூடத்துல ரெண்டாவது மொழி மலாய் எடுத்தவர். படத்தைப் பாப்பார், “என்னா எழுதியிருக்கே?”ன்னு கேப்பார், நான் படிச்சுக் காட்டுவேன். வேணாங்கிறதைத் தாண்டிடுவேன். அவரைப் பத்திக் கேலி பண்ணியிருப்பேன், என் மாமியாரைப் பத்திக்கூட எழுதியிருப்பேன். உலகத்துல யாரு வேணாலும் படிக்கலாம், இந்த வீட்டுல உள்ள ஒரே ஒருத்தர் படிக்க முடியாது. எனக்குன்னு ஒரு ரூம் இருந்த மாதிரி, தம்பி. கதவே இல்லாத ரூம்.

— சரிக்கா, இப்ப அதுக்கு என்ன வந்துச்சு?

— எங்க மக ரோஷினி தீபாவளிக்கு அவருக்குப் புது போன் வாங்கிக் குடுத்தா. ஒரு பட்டனை அமுக்குனா பக்கம் முழுக்க இங்கிலீஷாயிடுது. “அப்பா, இனிமே அம்மா எழுதறதை நீங்களே படிக்கலாம்”னு சொல்லி, முதல் பதிவையே திறந்து குடுத்துட்டுப் போயிட்டா. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். காலையில கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வரிசையா தினம் ரெண்டு படிக்கிறார். “மல்லி தலை காட்டிருச்சு”ன்னு எழுதியிருந்தேன். அது என்னமோ, மல்லிங்கிற பொம்பளை தலையை நீட்டிப் பாத்தான்னு வந்திருக்கு. “யாரு அந்த மல்லி, நம்ம பிளாக்கா?”ன்னு கேக்கறார்.

— ரவூப்புகிட்ட சொன்னா உருண்டு சிரிப்பான்.

— நானும் முதல்ல சிரிச்சேன். “இவ்வளவு எழுதியிருக்கியா நீ”ன்னு ஒரு நாள் என்னையே உத்துப் பாத்தார். கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல அப்படிப் பாத்ததில்ல. அன்னிக்குத்தான் பயம் வந்துச்சு. படிச்சுப் படிச்சு இப்ப ரெண்டாயிரத்துப் பதினேழுல எழுதினதை முடிக்கப் போறார். அடுத்த வருஷத்துல என்னா இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல.

— மூடிப் பதிவு.

— அதான்.

— அக்கா, அப்ப அண்ணனுக்கு அது இன்னும் தெரியாதா? ஏழு வருஷமா?

— படிச்ச உங்க எல்லாருக்கும் தெரியும். மலேசியாவுல தெரியும், மதுரையில தெரியும். கனடாவுலேர்ந்து ஒரு அம்மா மாசா மாசம் “சொல்லிட்டீங்களா வசந்தா?”ன்னு கேக்கறாங்க. இவர் ஒருத்தருக்குத்தான் தெரியாது.

— உங்க மவன் கபிலன் தம்பி அப்பாகூடப் பேசிட்டாரான்னு நானே ரெண்டு மூணு தடவை கேட்டிருக்கேன். நீங்க பதில் போட மாட்டீங்க. சரியாப் போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

— ஒண்ணும் சரியாப் போகல. அவன் ஹவ்காங்ல இருக்கான். அவன் கல்யாண ரிஜிஸ்ட்ரேஷனுக்கு இவர் வந்தார், உக்காந்தார், சாப்பிட்டார். மவன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அவனும் இங்க வர்றதில்ல. நான்தான் டப்பாவுல கொழம்பு எடுத்துக்கிட்டுப் போறேன், வர்றேன்.

— அந்த ஒரு பதிவை மட்டும் எடுத்துடலாமேக்கா. மிச்சம் இருக்கட்டும்.

— எடுக்கலாம்னுதான் பாத்தேன். அதுக்கப்புறம் தக்காளியைப் பத்தி எழுதினாலும் கீழ கபிலனைத்தான் விசாரிச்சிருக்கீங்க. அத்தனை பேரு அத்தனை அன்பா. எதைன்னு அழிப்பேன்? மொத்தமா எடுத்தாத்தான் உண்டு. அவர்கிட்ட, கம்பெனிக்காரன் மூடிட்டான்னு சொல்லிடுவேன்.

— அண்ணன்கிட்ட நேராச் சொல்லிட்டா என்னக்கா?

— என்னான்னு சொல்ல? “உன் பையன் பண்ணல, நான்தான் பண்ணேன், ஏழு வருஷம் பாத்துக்கிட்டு நின்னேன்”னா? முதல்ல, பைபாஸ் பண்ணின ஒடம்பு, பதட்டப்படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்னு இருந்தேன். அப்புறம் ஒரு மாசம் போவட்டும்னு இருந்தேன். அப்புறம் பாருங்களேன், பண்ணின தப்பைவிட அதை மறைச்ச தப்பு பெருசாப் போயிருச்சு.

— நான் ஒண்ணு கேட்டா தருவீங்களா?

— என்னா, ரம்பைச் செடியா? வேரோட தர்றேன்.

— செடி வேணாம். அந்தப் பதிவை உங்க முன்னாடி ஒரு தடவை படிக்கணும். எங்க ரூம்ல நாங்க எப்படிக் கேட்டோம்னு உங்களுக்குத் தெரியணும். ரவூப்பு அன்னிக்கே எழுந்து போயி, நாலு வருஷமா பேசாத அண்ணனுக்கு போன் போட்டான். வெள்ளிக்கிழமை அது இருக்காதுல்ல. படிச்சுட்டுப் போயிடறேன், அழிக்காதீங்கன்னு அப்புறம் கேக்க மாட்டேன்.

— நான் எழுதினதை இதுவரைக்கும் யாரும் எனக்குப் படிச்சுக் காட்டினதே இல்ல.

— படிக்கட்டுமா?

— படிங்க. மெதுவா.

— “அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். தொட்டிக்கு உரம் ஊற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது. ‘ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு மூடி, கபிலனிடம் சொல்ல மறக்காதே’ என்று படுத்தபடியே சொன்னார். எங்கள் உர வாளியில் எப்போதும் ஒரு தேங்காய் மூடி கிடக்கும். தண்ணீர் மொள்ள வைத்தது. அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது உர பாட்டிலின் மூடி. அதில் ஒரு மூடியைத் தண்ணீரில் கலக்க வேண்டும். நானே ஊற்றிவிடலாம் என்று, உரத்தைத் தண்ணீர் கலக்காமல் வாளியில் கொட்டி, தேங்காய் மூடி நிறைய மொண்டு, பதினோரு தொட்டிக்கும் ஊற்றினேன். கஞ்சி ஊற்றுகிற மாதிரி அன்பாக ஊற்றினேன்.”

— அந்த “அன்பாக”வைப் போட்டிருக்கக் கூடாது.

— அதுதான்க்கா எங்களை அடிச்சுது. “நாலு நாளில் எல்லாம் கருகிவிட்டது. எலுமிச்சை, செம்பருத்தி, அவர் பதினைந்து வருஷமாக வளர்த்த மல்லி. அவர் வீட்டுக்கு வந்து காரிடாரைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றும் வேலையைக் கபிலனிடம் விட்டுப் போயிருந்தார். முந்தின வாரம்தான் ஒரு தொட்டி தடுக்கி விழுந்து, ‘இந்தக் குப்பையெல்லாம் தூக்கிக் கீழே போடணும்’ என்று அவன் கத்தியிருந்தான். ‘நீதானே?’ என்று அவர் கேட்டார். கபிலன் என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, ‘ஆமா, நான்தான்’ என்றான். நான் சமையலறையில் கையில் அதே தேங்காய் மூடியோடு நின்றுகொண்டிருந்தேன்.”

— போதும் தம்பி.

— ஒரே ஒரு வரிக்கா. “செத்த செடிக்குப் பதிலாக இன்னொரு செடி வாங்கிவிடலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.”

— போதும்.

— இதை அழிக்காதீங்கன்னு கேக்க மாட்டேன்னு சொல்லிட்டேன், கேக்கல. ஆனா இதுல எங்கக்கா நீங்க கெட்டவங்களா இருக்கீங்க? பையன் அப்படி நின்னானே, அவனைப் பெத்தவங்கக்கா நீங்க.

— அவனைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை இந்த வீட்டுல கேட்டு எத்தனை நாளாச்சு.

— அக்கா.

— ம்.

— வாசல்ல யாரோ நிக்கிறாங்கக்கா. கம்பிக் கதவுக்கு வெளிய.

— ஏங்க. எப்ப வந்தீங்க?

— நான் கவனிக்கவே இல்லக்கா. என் சத்தத்துல லிஃப்ட்டு வந்ததுகூட…

— நீங்க பேசாம இருங்க தம்பி. ஏங்க, உள்ள வாங்க. இவர் சின்னராசு, துவாஸ்லேர்ந்து வந்திருக்கார். நான் சொல்லணும்னுதான்… இல்ல, சொல்லணும்னு இல்ல. மறைக்கணும்னுதான் இருந்தேன். எவ்வளவு நேரமா நிக்கிறீங்க? உக்காருங்களேன். மூச்சு வாங்குதா? மாத்திரை எடுக்கட்டா?

— அண்ணே, நான் தெரியாம படிச்சிட்டேன். அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க.

— அவர் சொல்லட்டும், தம்பி. ஏங்க, எல்லாம் தமிழ்லதானே கேட்டீங்க. தமிழ்லயே திட்டுங்க. ஏழு வருஷத்துக்கும் சேத்துத் திட்டுங்க, கேட்டுக்கறேன். இப்படிப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க.

— அக்கா, போறாருக்கா.

— ஏங்க.

— நான் பின்னாடி போகட்டுமா?

— வேணாம். நான் அவர் மாத்திரையை எடுத்து வைக்கிறேன். நீங்க காரிடார்லேர்ந்து எட்டிப் பாருங்க. வாய்ட் டெக்குக்குத் திரும்பினா சட்டை தெரியும், நீலக் கட்டம்.

— வெளிய வந்துட்டாருக்கா. கூட்டாளிங்க கூப்பிடறாங்க போல, கையைக் காட்டறாங்க. திரும்பிப் பாக்கல. நேரா ரோட்டுக்குப் போறாரு.

— கோயில் பக்கமா?

— இல்லக்கா. சிக்னல்ல நிக்கிறாரு. ஆ, தாண்டிட்டாரு. எதிர்ப் பக்கத்து பஸ் ஸ்டாப்புல போயி நிக்கிறாரு, வெயில்ல. எந்த பஸ்ஸைத் தேடறாருன்னு தெரியல.

— கபிலன் வீட்டுக்குப் போற பஸ்ஸு அங்கதான் நிக்கும், தம்பி. ஏழு வருஷமா அவர் அந்த ரோட்டைத் தாண்டினதே இல்ல.