தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம்

— அப்ப நேத்துக் காலையில அந்தத் திண்டுக்கல் வீரமலை வந்தது வெங்காயம் வாங்க இல்லை. அப்படித்தானே அண்ணே?

— வெங்காய மண்டிக்கு வியாபாரி வேற எதுக்கு வருவாரு, காவடி எடுக்கவா? அமிர்தம், மூட்டை மேல உக்காராத. காலேஜுக்குப் போற புடவை. சருகு ஒட்டிக்கும்.

— வாங்க வந்தவரு சரக்கைத் தொட்டுக்கூடப் பாக்கலியே. கூரையை அண்ணாந்து பாத்தாரு. வாசல் அகலத்தை எட்டு வச்சு அளந்தாரு. அப்புறம் என்னை ஏற இறங்கப் பாத்தாரு.

— பாத்தா என்ன? நீ என்ன அத்தரா, ஆவியாப் போக?

— அதுக்கப்புறம் ரெண்டு பேரும் கை மேல துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, உள்ள விரலைப் புடிச்சுப் பேசினீங்க. சரக்கே எடுக்காதவர்கிட்ட என்ன விலை பேசினீங்க?

— கேட்டுக்க. துண்டுக்குள்ள பேசுறது தொழில் மரியாதை. புடிச்சவனுக்கும் குடுத்தவனுக்கும் மட்டுந்தான் விலை தெரியணும். காந்தி மார்க்கெட்டே அப்படித்தான் ஓடுது.

— வெளைய வச்சு வண்டி கட்டிக்கிட்டு வந்த காத்தான் பக்கத்துலயே நிக்கிறாரு. அவரு வெங்காயம் என்ன விலைக்குப் போச்சுன்னு அவருக்குத் தெரியாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் நெசவாளியை இப்படித்தான் நிறுத்தி வச்சிருந்தான்.

— ஆமா, இவ ஒருத்தி! நயா பைசா வந்தும் கம்பெனிக்காரனை விடமாட்டேங்கிறா. காலேஜுல சேத்தது என் தப்பு.

— உலகம் பூரா அதே கதைதாண்ணே. முதல்ல மிளகு, துணின்னு வியாபாரத்துக்கு வர்றான். அப்புறம் சரக்கு வைக்க ஒரு கிட்டங்கி கேக்குறான். கிட்டங்கிக்குச் சுவரு, சுவருக்குக் காவல், காவலுக்குத் துப்பாக்கி. வீரமலை எதைக் கேட்டாரு?

— ம்... முன்பக்கம் பாதி. சும்மா, வரத்துக் காலத்துல மூட்டை அடுக்க.

— பதிலுக்கு?

— அந்தத் தகரத் தடுப்பு தெரியுதுல்ல? அதுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற தங்கையன் சித்தப்பா வாயை அடைப்பாரு. அப்பா கண்ணை மூடினதுலேருந்து மண்டி முழுசும் தனக்குன்னு கோர்ட்டுக்குப் போறேங்கிறாரே! நாளைக்கு லாரியெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிட்டா நமக்குச் சோறு ஏது?

— போன வாரம் எங்க கிளாஸ் ஸ்ரீரங்கம் போச்சு. கம்பெனி காலத்துல அங்க நடந்ததைச் சொன்னாங்க. ஆற்காட்டு நவாபு நாற்காலி ஒண்ணு, போட்டிக்கு ஆளு ரெண்டு. ஒருத்தன் நம்ம மலைக்கோட்டையில இருந்துக்கிட்டு இங்கிலீஷ்காரனைக் கூப்பிட்டான். இன்னொருத்தன் பிரெஞ்சுக்காரனோட ஸ்ரீரங்கத்துல பெருமாள் மதிலுக்குள்ளயே போய் உக்காந்தான். தோத்தவனுக்குத் தலை போச்சு. ஜெயிச்சவன் நாற்காலியில உக்காந்தான், கம்பெனிக்காரன் கொஞ்சம் கொஞ்சமா நாட்டை எடுத்துக்கிட்டான்.

— எனக்கு நாற்காலியே வேணாம். சாக்கு போதும்.

— சிரிக்காதீங்க. உறவுமில்லை, ஒரே ஊருமில்லை. நம்ம சண்டைக்கு அவரு ஏன் வரணும்?

— உறவாத்தான் வர்றாரு.

— அண்ணே!

— அவரு ரெண்டாவது மகனுக்கு உன்னைக் கேட்டாரு. வரதட்சணைன்னு ஒரு வார்த்தை பேசலை. ஆவணியில முகூர்த்தம்.

— எனக்குப் பரீட்சை அதுக்கப்புறம் பங்குனியிலதான். அதோட பி.ஏ. முடியுது.

— அவங்க வீட்டுல பொண்ணுங்க படிதாண்டுறதில்லையாம். படிச்ச வரைக்கும் போதும்னுட்டாரு.

— துண்டுக்குள்ள நீங்க புடிச்ச விரலு நானு.

— அப்படிச் சொல்லாத. ஏன் இத்தனை கேள்வி? மனசுல வேற யாரையாச்சும் வச்சுக்கிட்டு எங்கிட்ட சரித்திரம் பேசுறியா?

— வீரமலையை விட்டுட்டு என்னைச் சந்தேகப்படுங்க. சித்தப்பாகிட்ட நேரா ஒரு வார்த்தை பேசினீங்களா?

— அந்த மனுசன்கிட்ட என்ன பேச்சு? யாரது, தடுப்போரமா நிக்கிறது? ஒட்டுக் கேக்க அனுப்பிச்சாரா உங்கப்பா?

— நான் பாப்பாயி, ரத்தினவேல் அண்ணே. யாரும் அனுப்பலை. தகரந்தானே, பேசுறது அம்புட்டும் அந்தப் பக்கம் கேக்குது. அதான் சுத்திக்கிட்டு வந்தேன்.

— சித்தப்பன் மகளாச்சேன்னு பாக்கிறேன். போயிரு.

— இருங்கண்ணே, அழுவுறா. ஏ பாப்பாயி, இங்க வா. தலையில என்னடி இத்தனை பூ, வாடிக் கெடக்கு?

— நேத்துச் சாயங்காலம் பூ வச்சுட்டாங்கக்கா. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. வந்தவரும் அப்பாவும் துண்டைப் போட்டே பேசி முடிச்சாங்க. எங்க முன்பக்கத்துல பாதி அவருக்காம், மூட்டை அடுக்க.

— பதிலுக்கு என்ன தர்றாராம்?

— அண்ணன் வாயை அடைப்பாராம்.

— மாப்பிள்ளை எந்த ஊருடி?

— திண்டுக்கல்லுக்கா. மூணாவது மகன்.